மணியோடரில் வளர்ந்த வர்க்கம்

எங்கள் நண்பர் ஒருவரின் வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்குது. நிறம் மங்கின பழைய கலர்ப் படம். தகரக் கூரை போட்ட நீளமான பள்ளிக்கூடம், முன்னால் நாற்பது ஐம்பது பிள்ளைகள், நடுவில் ரை கட்டிய மெலிந்த மனிசர். அவர் நண்பரின் அம்மப்பா. இடம் நைஜீரியா, ஆண்டு 1979. நான்கு வருசம் அங்கே கணிதம் படிப்பிச்சவர். படம் தொங்குகிற சுவரும் அந்தக் காசில் எழும்பினதுதான் என்று வீட்டில் சொல்லுவினம்.

அந்த வீட்டு விறாந்தையில் இருந்துதான் போன மாதம் நாங்கள் ஆபிரிக்க நாடுகளின் மத்தியதர வர்க்கத்தைப் பற்றி வாசித்துக் கதைத்தோம். ஆபிரிக்க அபிவிருத்தி வங்கி 2011இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று அந்த நேரம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கண்டத்தின் சனத்தொகையில் 34 வீதம், அதாவது 31 கோடிக்கு மேற்பட்ட ஆட்கள், மத்தியதர வர்க்கத்துக்கு வந்துவிட்டார்கள் என்று அது சொன்னது. கணக்கை எப்படிப் போட்டார்கள் என்று பார்த்தால்தான் விசயம் விளங்கும். ஒரு ஆள் ஒரு நாளைக்கு 2 டொலரிலிருந்து 20 டொலர் வரை செலவழித்தால் அவர் மத்தியதரம். அந்த 31 கோடியிலும் சுமார் 60 வீதம் பேர் 2 டொலருக்கும் 4 டொலருக்கும் இடையில் நிற்பவர்கள். அறிக்கையே அவர்களை 'மிதக்கும் வகுப்பு' என்று தனியாகப் பிரித்தது. வீட்டில் ஒருவருக்கு வருத்தம் வந்தால், ஒரு வேலை போனால், திரும்பவும் கீழே. 2015இல் நெஸ்லே நிறுவனம் ஆபிரிக்காவின் 21 நாடுகளில் தன் ஊழியர்களில் 15 வீதத்தைக் குறைத்தது. அங்கத்தைய மத்தியதர வர்க்கம் தாங்கள் நினைத்த அளவுக்குப் பெரிதில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

"இது எங்கட கதை மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் கூட்டத்தில் ஒருவர். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதுதான் இந்தக் கட்டுரை. யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கம் எங்கேயிருந்து வந்தது? எதை நம்பி நின்றது? ஆரை வெளியில் நிறுத்தியது?

படிப்பு ஒரு பயிர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுமில்லை. மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கியாறு ஒன்று இருக்கு. கீழே சுண்ணக்கல், மேலே மெல்லிய மண், நடுவில் கிணறு. துலா மிதித்துத் தண்ணீர் இறைத்துப் புகையிலை போட்டார்கள். அது திருவிதாங்கூர் வரை கப்பலில் போனது. ஆனால் மலைநாட்டைப் போலக் கோப்பி, தேயிலைப் பெருந்தோட்டம் போட இங்கே இடமில்லை. காணி சின்னச் சின்னத் துண்டு; ஒவ்வொரு சீதனத்தோடும் அது இன்னும் துண்டாகும். ஆகவே நிலத்தை மட்டும் நம்பி ஒரு பெரிய நடுத்தர வகுப்பு இங்கே எழும்பியிருக்க முடியாது.

எழும்பியது பள்ளிக்கூடத்தில். அமெரிக்க மிசன்காரர் 1816இல் வந்து இறங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது, அடுத்த வருசம் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கூடம். 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்.

ஆனால் 1855இல் அதே செமினரியை மிசனே மூடியது. ஏன்? பெடியள் வேதம் பரப்பப் போகவில்லை, ஆங்கிலத்தைப் படித்துக்கொண்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள் என்பது முக்கியமான காரணம். மிசன்காரர் ஒரு கணக்குப் போட்டார்கள், யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பன்மார் வேறொரு கணக்குப் போட்டார்கள். வென்றது இரண்டாவது கணக்கு. 'கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்' என்ற பழமொழி சும்மா வந்ததில்லை.

சைவர்களும் இந்தக் கணக்கை விளங்கிக்கொண்டார்கள். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1888இல் சைவ பரிபாலன சபை, 1889இல் 'இந்துசாதனம்', 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. மதத்தால் பிரிந்து நின்றவர்கள் பள்ளிக்கூடம் கட்டுவதில் ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்தார்கள். அந்தப் போட்டியில் குடாநாடு பள்ளிக்கூடங்களால் நிரம்பியது.

மலேயாக் காசு

படித்த பெடியள் எல்லாருக்கும் யாழ்ப்பாணக் கச்சேரியில் கதிரை இருக்கவில்லை. கொழும்பில் கொஞ்சப் பேருக்கு. மிச்சப் பேருக்குக் கதவு திறந்தது மலேயாவில். பிரிட்டிஷ்காரர் அங்கே ரெயில் பாதை போட்டார்கள், ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டமும் திறந்தார்கள். கணக்கு எழுத, தந்தி அடிக்க, ஸ்ரேசன் நடத்த, ஆஸ்பத்திரியில் மருந்து கலக்க ஆங்கிலம் தெரிந்த, சம்பளம் குறைந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து எங்கள் ஊர்ப் பெடியள் கப்பலேறினார்கள். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ரெயில்வே குவாட்டர்ஸ்களைச் சுற்றி ஒரு சின்ன யாழ்ப்பாணம் உருவானது. அங்கே அவர்கள் கட்டிய கந்தசுவாமி கோயில் இன்றைக்கும் இருக்கு.

மாதா மாதம் மணியோடர் வந்தது. அந்தக் காசில் கல்வீடு எழும்பியது, ஓடு போட்டது, அடுத்த தம்பிக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியது, தங்கச்சிக்குச் சீதனம் கொடுத்தது. 55 வயதில் பென்சனோடு ஊருக்கு வந்த 'மலாயன் பென்சனியர்' கோயில் தர்மகர்த்தாவாகவும் பள்ளிக்கூட முகாமையாளராகவும் ஆனார். யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத்தை மணியோடர்ப் பொருளாதாரம் என்று சொல்லும் பழக்கம் இப்படித்தான் வந்தது. 1905இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை ரெயில் ஓடத் தொடங்கியபோது, ஊரை விட்டுப் போய் உழைக்கிற வாழ்க்கை இன்னும் லேசானது.

இதில் பெண்களின் பங்கைப் பெரும்பாலும் ஒருவரும் எழுதுவதில்லை. புருசன் கடல் கடந்து இருந்த காலம் முழுக்கத் தோட்டத்தைப் பார்த்தது, கூலி கொடுத்தது, பிள்ளைகளைப் படிப்பித்தது, காணி வழக்கை நடத்தியது வீட்டில் இருந்த மனுசிமார்தான். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் சீதனம் பெண்ணின் சொத்து. ஆனால் நடைமுறையில் அது மாப்பிள்ளையின் உத்தியோகத்துக்குக் கட்டுகிற விலையாக மாறியது. கிளாக்கருக்கு ஒரு விலை, அப்போதிக்கரிக்கு ஒரு விலை, டொக்டருக்கு இன்னொரு விலை. மத்தியதர வர்க்கத்துக்குள் ஏறுவதற்கான ரிக்கற்றை எத்தனையோ குடும்பங்களில் பெண்பிள்ளையின் காணியை விற்றுத்தான் வாங்கினார்கள்.

1942இல் மலேயா ஜப்பானிடம் விழுந்தது. கடிதமும் மணியோடரும் நின்றன. யாழ்ப்பாணம் தன் வாழ்க்கை எந்தக் கயிற்றில் தொங்குது என்பதை முதல் தடவையாகக் கண்டது அப்போதுதான். மறந்ததும் வெகு கெதியாகத்தான்.

கதவுக்கு வெளியில

இந்தக் கதையை வீட்டில் சொல்லும்போது எங்கள் பெரியவர்கள் 'கஷ்டப்பட்டுப் படிச்சு முன்னுக்கு வந்தனாங்கள்' என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் முழுக்கதையும் இல்லை. பள்ளிக்கூடத்தின் வாசல் எல்லாருக்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை.

ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கு எத்தனையோ பள்ளிக்கூடங்களில் இடமே கொடுக்கவில்லை. இடம் கொடுத்த இடத்திலும் வாங்கில் இருக்க விடாமல் நிலத்தில் இருத்தினார்கள். 1930ஐ அண்டிய ஆண்டுகளில் அரச உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, அதை எதிர்த்து மனுப் போட்டவர்கள் படித்தவர்கள்தான். சில பள்ளிக்கூடங்களுக்குத் தீயும் வைக்கப்பட்டது. 1931இல் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. அதற்கு முன் அதை எதிர்த்து நின்றவர்களில் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். பரமேஸ்வராக் கல்லூரியைக் கட்டியவரும் அவர்தான். பள்ளிக்கூடம் கட்டின கையும் வாக்குச் சீட்டை மறிச்ச கையும் ஒன்றாக இருந்தது எங்கள் வரலாற்றின் உண்மை.

அதே வர்க்கத்தின் பிள்ளைகள்தான் அந்த வர்க்கத்தைக் கேள்வி கேட்கவும் செய்தார்கள். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதிக்கும் சீதனத்துக்கும் எதிராகப் பேசியது. ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தார்கள். சமபந்திப் போசனம் நடத்தினார்கள், சம ஆசனத்தின் பக்கம் நின்றார்கள். 1931இல் முழுச் சுயராச்சியம் இல்லை என்று அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். அந்தப் பகிஷ்கரிப்பு சரியா பிழையா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் வாக்குவாதம் நடக்குது. ஆனால் அவர்களும் எங்களைப் போல இருபது, முப்பது வயதுக்காரர்தான் என்பதை நினைத்தால் கொஞ்சம் தென்பு வருது.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. காசில்லாதவனின் பிள்ளைக்கும் ஆங்கிலப் படிப்புக்கு வழி திறந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம். இருந்தும் தேநீர்க்கடையில் ஒரே கிளாசில் குடிக்கவும் கோயிலுக்குள் போகவும் 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போக வேண்டியிருந்தது, 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட வேண்டியிருந்தது. இரண்டு தலைமுறைக்கு முதல் மற்றவர்கள் ஏறிய ஏணியின் முதல் படியில் கால் வைக்கவே இவ்வளவு பாடு.

சட்டத்தில் எழுதின மத்திய வகுப்பு

ஆபிரிக்க அபிவிருத்தி வங்கிக்கு முதலே 'மத்தியதரம் எண்டால் ஆர்?' என்று இலங்கைச் சட்டம் கேட்டிருக்கு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் விவசாயிகளுக்குக் காணி கொடுத்ததோடு, மத்திய வகுப்பு இலங்கையர் என்று ஒரு பிரிவை வருமான எல்லை வைத்து வகுத்து, அவர்களுக்கும் அரச காணி கொடுக்க வழி செய்தது. இப்படித்தான் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் பலர் கிளிநொச்சிப் பக்கம் வயற்காணி எடுத்தார்கள். 1960களில் முத்தையன்கட்டு, விசுவமடுவில் படித்த வாலிபர் திட்டங்கள் வந்தன. பிறகு இனக்கலவரங்களால், முக்கியமாக 1977இல், அடித்துத் துரத்தப்பட்ட மலையகத் தமிழர் வன்னிக்கு வந்தபோது, இப்படியான காணிகளில் கூலிக்கு வேலை செய்தவர்களில் அவர்களும் அடக்கம். ஒருவர் மத்திய வகுப்பு ஆகும்போது அவருடைய வயலில் குனிந்து நின்றவர் ஆர் என்ற கேள்வியைச் சட்டம் கேட்கவில்லை.

1970இலிருந்து 1977 வரை ஒரு வித்தியாசமான காலம். சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியை மறித்தது. யாழ்ப்பாணத் தோட்டக்காரனுக்கு விலை கிடைத்தது. துலா போன இடத்தில் தண்ணீர் பம்பு வந்தது. உத்தியோகமும் மணியோடரும் இல்லாமல், சொந்த மண்ணில் விளைந்த காசில் கல்வீடு கட்டின கொஞ்சக் காலம் அது. 1977இல் ஜே.ஆர். அரசாங்கம் சந்தையைத் திறந்துவிட, அந்தக் காலமும் முடிந்தது. எங்கள் வரலாற்றில் வெளியில் தொங்காமல் நிற்கப் பார்த்த ஒரு நடுத்தர வகுப்பு ஏழு வருசம்தான் இருந்தது.

தரப்படுத்தலும் நைஜீரியாவும்

உத்தியோகத்தின் கதவு 1956இலேயே சாத்தத் தொடங்கிவிட்டது. தனிச் சிங்களச் சட்டம் கிளாக்கர்மாரின் பிள்ளைகளுக்கு அரசாங்க வேலையைத் தூரமாக்கியது. 1971இலிருந்து தரப்படுத்தல் பல்கலைக்கழகக் கதவையும் ஒடுக்கியது. முதலில் மொழிவாரியாகப் புள்ளி மாற்றினார்கள், பிறகு மாவட்ட ஒதுக்கீடு வந்தது. மொழிவாரித் தரப்படுத்தல் வெளிப்படையான பாரபட்சம், அதில் சந்தேகமில்லை. மாவட்ட ஒதுக்கீட்டின் கதை கொஞ்சம் சிக்கலானது. அதில் யாழ்ப்பாணம் இழந்தது. மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்குக் கூடுதலாகச் சில இடங்கள் கிடைத்தன. இந்த இரண்டையும் பிரித்துப் பேசினால்தான், 'தமிழருக்கு நடந்தது' என்று சொல்லும்போது எந்தத் தமிழர் என்று எங்களால் கேட்க முடியும்.

கதவு மூடினவர்களில் படித்த வாத்திமார், பொறியியலாளர், கணக்காளர் பலர் ஆபிரிக்கா போனார்கள். சாம்பியா 1964இல் சுதந்திரம் அடைந்தபோது அந்த நாட்டு ஆபிரிக்கப் பட்டதாரிகள் நூறைச் சற்றுத் தாண்டினவர்கள்தான். செம்புக் காசில் அரசாங்கம் பள்ளிக்கூடம் கட்டியது. படிப்பிக்க ஆள் இல்லை. நைஜீரியாவில் 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது, 1976இல் எல்லாருக்கும் ஆரம்பக் கல்வித் திட்டம் வந்தது. அங்கேயும் வாத்திமார் தேவை. மலேயாவில் கணக்கு எழுதினவரின் பேரன் நைஜீரியாவில் கணக்குப் படிப்பித்தார்.

பிறகு என்ன நடந்தது? 1970களின் நடுப்பகுதியில் செம்பு விலை விழுந்தது. 1980களில் எண்ணெய் விலை விழுந்தது. 1986இல் நைஜீரியா கட்டமைப்புச் சீராக்கத்துக்குள் போக, நைராவின் பெறுமதி சரிந்தது. அரச சம்பளத்தில் வளர்ந்த அந்த நாட்டு மத்தியதர வர்க்கம் கண்முன்னே கரைந்தது. அவர்களின் டொக்டர்மாரும் பேராசிரியர்மாரும் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். எங்கள் வாத்திமாரும் பெட்டியைக் கட்டினார்கள். ஆனால் திரும்பி வர ஊர் பழைய ஊராக இருக்கவில்லை.

உண்டியல்

1981இல் நூலகம் எரிந்தது. 97,000 புத்தகங்கள். மணியோடர்க் காலம் முழுக்க இந்தச் சமூகம் எதை நம்பியதோ அதைத்தான் எரித்தார்கள். 1983க்குப் பிறகு பயணம் உத்தியோகத்துக்கானதாக இருக்கவில்லை, உயிருக்கானதாக மாறியது. ஜேர்மனி, சுவிஸ், பிரான்ஸ், லண்டன், கனடா. காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் கட்டினார்கள். ஊரில் கிளாக்கராக இருந்தவர் பாரிசில் கோப்பை கழுவினார். மணியோடரின் இடத்தில் உண்டியல் வந்தது.

1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் குறுகிய கெடுவில் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரின் கடைத்தெருவில் தலைமுறையாக உழைத்து எழும்பின ஒரு நடுத்தர வகுப்பு ஒரே நாளில் அகதியானது. அப்போது எங்கள் வீடுகளில் பெரிதாக ஒரு சத்தமும் எழும்பவில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் நாங்களும் வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தோம். திறப்பு இருந்தது, திரும்பிப் போனபோது எத்தனையோ பேருக்குக் கதவு இருக்கவில்லை.

2009க்குப் பிறகு வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் ஏ9 வீதியால் வந்தன. 2014இல் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. புது மோட்டச்சைக்கிள், பெரிய ரீவி, கல்யாண மண்டபம். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு வளர்ச்சி. ஆனால் வன்னியிலும் குடாநாட்டுக் கரையோரத்திலும் பெண்கள் ஒரு நுண்கடனைக் கட்ட இன்னொரு நுண்கடனை எடுத்தார்கள். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுடைய நுண்கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. 2022இல் நாடே கடன் கட்ட ஏலாமல் கையை விரித்தது. ரூபாயின் பெறுமதி விழ, மாதச் சம்பளக்காரர் எல்லாரும் 'மிதக்கும் வகுப்பு' என்றால் என்ன என்பதைத் தங்கள் அடுப்படியில் படித்தார்கள்.

இனி

இருநூறு வருசத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரே ஒழுங்கு தெரியுது. எங்கள் மத்தியதர வர்க்கம் இங்கே விளைந்ததை விட வெளியில் கிடைத்த சம்பளத்தில் வளர்ந்தது. கொழும்பு, மலேயா, ஆபிரிக்கா, ஐரோப்பா, கனடா என்று கயிறு மட்டும் மாறியது. ஒவ்வொரு கயிறும் அறும்போது விழுந்தோம், அடுத்ததைப் பிடித்தோம். பிடிக்கக் கையில் படிப்பும் சொந்தக்காரரும் இருந்தவர்கள் தப்பினார்கள். இல்லாதவர்கள் இங்கேயே இருந்தார்கள், முள்ளிவாய்க்கால் வரைக்கும் போனவர்களில் பெரும்பாலானோர் அவர்கள்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் ஐஈஎல்ரிஎஸ் வகுப்புக்குப் போகினம். அவர்களைக் குறை சொல்ல எங்களால் ஏலாது. மிச்சப் பேரும் போகமாட்டம் என்று சத்தியம் பண்ணவில்லை. ஆனால் போகிறவரும் இருக்கிறவரும் ஒரு விசயத்தில் ஒத்துப்போனம்: 'படிச்சு முன்னுக்கு வந்தனாங்கள்' என்ற ஒற்றை வசனத்தோடு இந்தக் கதையை இனிச் சொல்லக்கூடாது. ஆகவே எல்லாரும் தங்கட வீட்டில் மூன்று கேள்வி கேட்கிறதென்று முடிவெடுத்தம். இந்த வீடு எந்த ஊர்க் காசில் கட்டினது? அதுக்கு ஆரின் சீதனக் காணி போனது? அப்ப எங்கட தோட்டத்தில் தண்ணி இறைச்சவையின்ர பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிச்சவை? முதல் இரண்டுக்கும் உடனே பதில் வந்தது. மூன்றாவதுக்கு அநேகமான வீடுகளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வெளிக்கிடும்போது அந்தப் படத்தைத் திரும்ப ஒருக்கால் பார்த்தோம். அம்மப்பாவைச் சுற்றி நிற்கிற பிள்ளைகளுக்கு 2011இல் நாற்பத்தைந்து வயது மட்டில் இருந்திருக்கும். வங்கி எண்ணின அந்த 31 கோடியில் அவர்களில் சிலரும் இருந்திருக்கலாம். அவர்களின் பிள்ளைகளும் இப்போது எங்களைப் போலவே ஏதோ ஒரு தூதரகத்தின் பதிலுக்குக் காத்திருக்கலாம். அவர்கள் ஒருவரின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. படத்தின் பின்பக்கம் அம்மப்பா தன் பெயரை மட்டும்தான் எழுதியிருந்தார்.